ஜார்ஜ்டவுன் வாடகை வீடுகள்: டீ மணியிலிருந்து முன்பணம் வரை

ஜார்ஜ்டவுன் தொடக்கத்திலிருந்தே வாடகைக்காரர்களின் ஊர். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்குத் தீவில் இறங்கிய சில ஆண்டுகளுக்குள் கோரமண்டல் கரையிலிருந்து தமிழர்கள் வந்து குவிந்தார்கள். இப்படி வந்தவர்களைச் சூலியாக்கள் என்றார்கள். கடைத்தெருவில் அவர்கள் சுமார் ஆயிரம் பேர் இருப்பதாக 1794-இல் லைட் எழுதினார். ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேரை இறக்கிவிட்டுப் போவதையும் அவர் குறித்திருக்கிறார். இவர்களில் பெரும்பாலோர் மண் வாங்கி நிலைத்துவிட வந்தவர்கள் அல்லர். படகு தள்ளவும் மூட்டை தூக்கவும் சில்லறை வியாபாரம் பார்க்கவும் வந்தார்கள். சில ஆண்டுகளில் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வீடு அல்ல, படுக்க ஓர் இடமும் பெட்டி வைக்க ஒரு மூலையும்தான். அந்த மூலைக்கும் வாடகை உண்டு.

வாடகைக்கு விட்டவர்கள் எல்லாரும் தனி முதலாளிகளாக இருக்கவில்லை. 1801-இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் அளித்தார். சூலியாக்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, விளங்கிய காதர் முகைதீன் அங்கே எழுப்பிய பள்ளிதான் இன்றைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பள்ளியைச் சுற்றியிருந்த வக்ஃபு நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன. அவற்றின் வாடகையில் பள்ளி நடந்தது. குயின் வீதி மகா மாரியம்மன் கோயில் போன்ற இந்துக் கோயில்களுக்கும் இவ்வகை அறச்சொத்துகள் சேர்ந்தன. இச்சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டதாகப் புகார்கள் பெருகியபோது, 1905-இல் சட்டம் இயற்றி முஸ்லிம், இந்து அறநிலைய வாரியத்தைக் குடியேற்ற அரசு அமைத்தது. சீனர் பகுதிகளில் கூ கொங்சி போன்ற குலச் சங்கங்கள் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை வைத்திருந்தன. ஆகவே பினாங்கில் வீட்டுக்காரர் என்றால் பல சமயங்களில் அது ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல் அல்லது ஒரு சங்கம். பின்னாளில் வாடகையைச் சட்டம் கட்டிப்போட்டபோது இவையும் சேர்ந்தே கட்டுண்டன. வாடகைக் கட்டுப்பாட்டைப் பணக்காரனுக்கும் ஏழைக்கும் இடையிலான வழக்காக மட்டும் பார்த்தால் பினாங்கின் கதை பாதிதான் விளங்கும்.

இடத்தைப் பங்கிட்டு வாடகை கொடுப்பதில், வட்டித்தொழில் செய்த நகரத்தார் என்ற செட்டியார்கள் கண்ட முறை மிகச் சீரானது. பினாங்கு வீதியில் இருந்த அவர்களின் பொதுக் கட்டடங்களான கிட்டங்கிகளில் நீண்ட கூடத்தின் இரு பக்கமும் பெட்டியடிகள் வரிசையாக இருக்கும். ஒரு கணக்குப் பெட்டி, சாய்வான சிறு மேசை, உட்காரப் பாய்; ஒரு வட்டிக்கடையின் மொத்த அலுவலகமும் அவ்வளவுதான். முகவர் பகலில் அங்கேயே உட்கார்ந்து கடன் கொடுப்பார், பேரேடு எழுதுவார். இரவில் மாடியிலோ அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலோ படுப்பார். சமையல் எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு விலாசமும், அதாவது வட்டி நிறுவனமும், தன் பெட்டியடிக்கு உரிய பங்கைக் கொடுத்தது. உள்ளே வர முன்பணம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. முகவர் மூன்றாண்டுத் தவணையில் வருபவர், அவரை அனுப்பிய விலாசத்தை எல்லாருக்கும் தெரியும், தண்ணீர்மலைக் கோயிலில் எல்லாரும் ஒன்றுகூடுவார்கள். சமூகத்தின் சொல்லே அங்கே ஈடு. அறிமுகமற்றவர்கள் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேரும்போதுதான் ஈட்டுத் தொகை என்பது தேவையாகிறது.

நகரத்தின் மற்ற கடைவீடுகளில் அறிமுகமற்றவர்களே அதிகம். கடைவீடு என்பது முன்புறம் அஞ்சடி எனப்படும் நடைபாதை, கீழே கடை, மேலே வீடு, நடுவே வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்கும் திறந்த முற்றம் என நீண்டு குறுகிய கட்டடம். ஒருவர் முழுக் கட்டடத்தையும் சொந்தக்காரரிடமிருந்து வாடகைக்கு எடுப்பார். மாடியைப் பலகைத் தடுப்புகளால் அறைகளாக்கி உள்வாடகைக்கு விடுவார். தடுப்பு கூரைவரை எட்டாது. ஒரு குடும்பத்தின் பேச்சு அடுத்த குடும்பத்துக்குக் கேட்கும். ஜன்னல் உள்ள முன்னறைக்கு வாடகை அதிகம், நடு அறைக்குக் குறைவு, மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்துக்கு மிகக் குறைவு. அடுப்படியும் குளியலறையும் எல்லாருக்கும் பொது. துறைமுகத் தொழிலாளர்கள் கூடியிருந்த குயின் வீதி, கிங் வீதிப் பக்கங்களில் ஒரே படுக்கையை வேலை முறை மாற்றத்துக்கேற்ப இருவர் பகிர்ந்துகொண்டதும் உண்டு. இந்த ஏற்பாட்டில் கட்டடத்தின் சொந்தக்காரரை உள்வாடகைக்காரர் பார்த்தே இருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்த வீட்டுக்காரர், நடுவில் நின்று வாடகை வசூலித்தவர்தான்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைக் குண்டு வீசித் தாக்கின. கடைவீதிகள் பல எரிந்தன. மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பில் புதுக் கட்டடம் எழவில்லை, பழையவை பழுது பார்க்கப்படவில்லை. போர் முடிந்ததும் மக்கள் நகரத்துக்குத் திரும்பினார்கள், வீடு கிடைக்கவில்லை. வாடகை எகிறுவதைத் தடுக்க 1948-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1966-இல் மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 1948 ஜனவரி 31-ஆம் தேதிக்கு முன் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. அந்தத் தேதிக்குப் பின் கட்டியவற்றை விட்டுவிட்டது. புதிய கட்டடம் கட்டுகிறவர்களின் ஊக்கம் கெடக் கூடாது என்பது அதன் நோக்கம். ஜார்ஜ்டவுனின் உள்நகரமோ ஏறக்குறைய முழுக்கவே போருக்கு முந்தையது. அதனால் மலேசியாவிலேயே இந்தச் சட்டம் மிக ஆழமாக வேரூன்றிய ஊர் பினாங்கு. மாநிலத்தில் 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன் கீழ் வந்தன.

சட்டம் இரண்டைச் செய்தது. வாடகையை ஒரு நிலையில் நிறுத்தி, மிகச் சிறிய உயர்வுகளை மட்டும் அனுமதித்தது. குடியிருப்பவரை வெளியேற்றும் உரிமையைச் சில காரணங்களுக்குள் அடக்கியது: வாடகை கட்டாமை, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை, மறுகட்டுமானம் போன்றவை. மறுகட்டுமானத்துக்காக வெளியேற்றினால் வாடகைத் தீர்ப்பாயம் இழப்பீட்டை முடிவு செய்யும். வாடகையைக் காலம் தவறாமல் கட்டிவந்த குடும்பம் தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரை ஒரே வீட்டில் இருந்தது. தையற்காரர், பிரம்புக் கூடை பின்னுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், மல்லிகைப்பூ கட்டுபவர், புத்தகம் பைண்டு செய்பவர் எனக் குறைந்த வருமானத் தொழில்கள் நகரத்தின் நடுவிலேயே நிலைத்ததற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். 1990-களில்கூடப் பல கடைவீடுகளின் வாடகை சில பத்து ரிங்கிட்டையோ ஒருசில நூறையோ தாண்டவில்லை.

ஆனால் வாடகையை அடக்கினால் அதன் அழுத்தம் வேறிடத்தில் வெளிப்படும். அப்படி வெளிப்பட்டதுதான் டீ மணி. இருக்கிறவர் ஒரு கடைவீட்டைக் காலி செய்ய விரும்பினால், அடுத்து வருபவரிடம் ஒரு பெருந்தொகை வாங்கிக்கொண்டு இடத்தைக் கைமாற்றிவிடுவார். வாடகைப் புத்தகத்தில் பெயரை மாற்றிக் கொடுக்கச் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு போகும். மாத வாடகை ரசீதில் எழுதப்படும். இந்தத் தொகைக்கு ரசீது கிடையாது. மார்க்கெட் வீதியிலோ சூலியா வீதியிலோ நல்ல முனைக் கடை என்றால், பல ஆண்டு வாடகைக்குச் சமமான தொகை ஒரே நாளில் கைமாறும். கொடுத்தவர் இதைச் செலவாகக் கருதியதில்லை. தான் வெளியேறும்போது அடுத்தவரிடம் திரும்ப வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில், சொத்து வாங்குவதுபோலவே கொடுத்தார். மகளின் நகையை அடகு வைத்தும் கூட்டுச் சீட்டை எடுத்தும் கட்டினார்கள். பம்பாயில் பகடி என்ற பெயரில் நடந்ததும் இதே ஏற்பாடுதான். அங்கேயும் 1947-இன் வாடகைச் சட்டமே அதற்கு வழி திறந்தது. டீ மணிக்கு ஈடாகக் குடியிருப்பவருக்குக் கிடைத்தது, யாரும் எளிதில் எழுப்பிவிட முடியாத இருப்பு. இன்றைய முன்பணத்திலிருந்து அதைப் பிரிக்கும் வேறுபாடு இதுவே.

சொந்தக்காரருக்கு வருமானம் இல்லாததால் கட்டடத்தைப் பழுது பார்க்கும் ஆர்வமும் இல்லை. கூரை ஓடு உடைந்தால் குடியிருப்பவரே மாற்றினார். உத்தரத்தைக் கறையான் தின்றால் முட்டுக்கொடுத்தார். மாடிப் பலகைகள் உளுத்தன, முற்றத்துச் சுவரில் ஆலங்கன்று முளைத்தது. அறநிலையங்களின் வாடகை வரவு தூய்மைப் பணிச் செலவுக்குக்கூடப் போதாத நிலை வந்தது. இடித்துக் கட்டுவதும் கட்டுப்படியாகாததால், மற்ற ஆசிய நகரங்கள் பழைய தெருக்களை இடித்துத் தள்ளிய காலத்தில் ஜார்ஜ்டவுன் அப்படியே நின்றது. உலகம் பின்னர் பாராட்டிய பழமை, திட்டமிட்ட பாதுகாப்பால் தப்பியதைவிட வாடகைச் சட்டத்தால் தப்பியதே அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம்.

அடுக்குமாடி வாழ்க்கை இதற்கிடையில் வேறு பாதையில் தொடங்கியது. 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் தமிழரான டி.எஸ். ராமநாதன். உள்நகரத்தின் நெரிசலைக் குறைக்க நகராண்மை கட்டிய பீப்பள்ஸ் கோர்ட் குடியிருப்பு சிந்த்ரா வீதிப் பக்கத்தில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்தது. பெரிய தாவல் அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்தது. ஆயர் ஈத்தாம் செல்லும் வழியில், துப்பாக்கிப் பயிற்சித் திடலாக இருந்த இடத்தில், ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. 17, 18 மாடிகள் கொண்ட ஒன்பது கட்டடங்கள், மொத்தம் 3,699 வீடுகள். சுவர்ப் பலகைகளைத் தொழிற்கூடத்தில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறையில், மலேசியா செய்து பார்த்த முதல் சில திட்டங்களில் இது ஒன்று. வீடுகள் மிகச் சிறியவை. நீண்ட நடைகூடத்தில் கதவுக்குக் கதவு அண்டை வீடு. ஆனால் பலகைத் தடுப்புக்குள் வாழ்ந்த குடும்பத்துக்குச் சொந்தக் குழாயும் சொந்தக் கழிவறையும் கிடைத்தன. அந்த மாற்றத்தைச் சிறுமைப்படுத்த இடமில்லை. 1969-இல் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மை பெருகியது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியதும் வாடகைச் சந்தை தெற்கே நகர்ந்தது. ஆலைப் பெண்களும் 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் பாயான் பாரு, சுங்கை டுவா பகுதிகளில் அறை தேடினார்கள். அவ்வீடுகள் 1948-க்குப் பிந்தியவை. வாடகைச் சட்டத்தின் நிழல் அவற்றின்மேல் விழவே இல்லை. முன்பணம் கேட்கும் வழக்கம் இங்கேதான் வளர்ந்தது.

1997-இல் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் நிறைவேறியது. குடியிருப்பவர்களுக்கு 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் வாடகை முழுக்கச் சந்தையின் கைக்குப் போனது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் அடங்கியிருந்த வாடகை ஒரே மாதத்தில் பல மடங்கு உயர்ந்தது. அதே காலத்தில் ஆசிய நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. எஸ்.ஓ.எஸ். என்ற பெயரில் வாடகைக்காரர் இயக்கம் ஒன்று திரண்டு, மாற்று வீடும் படிப்படியான உயர்வும் கேட்டுப் போராடியது. பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் மேலாக ஏமாந்தவர்கள், அண்மையில் டீ மணி கொடுத்து உள்ளே வந்தவர்கள். அடுத்தவரிடம் வாங்கிவிடலாம் என்று நம்பிய தொகை அன்றோடு காற்றில் போனது. ரசீது இல்லாத பணத்தை எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியவில்லை. முன்னறிவிப்பு இருந்தது, அவகாசமும் இருந்தது என்று அரசு சொன்னது உண்மைதான். அந்த அவகாசத்தில் மாற்று வீடுகள் கட்டப்படவில்லை என்பதும் உண்மை. அந்தக் குறைக்குப் பொறுப்பு குடியிருந்தவர்களுடையது அல்ல.

காலியான கடைவீடுகள் பலவற்றில் மனிதர்களுக்குப் பதில் உழவாரக் குருவிகள் குடியேறின. பறவைக்கூட்டுக்கு நல்ல விலை இருந்ததால் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுப் பறவைகளை அழைத்தார்கள். எஞ்சியிருந்த அண்டை வீட்டுக்காரர்கள் விடிய விடிய அந்தக் கீச்சொலியோடும் எச்ச நாற்றத்தோடும் வாழ்ந்தார்கள். 2008 ஜூலை 7-இல் மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகே பாரம்பரியப் பகுதியிலிருந்து இவ்வளர்ப்பு அகற்றப்பட்டது. அதன்பின் விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்து வாடகை மேலும் ஏறியது. பாரம்பரியப் பகுதியில் குடியிருப்போர் தொகை 2009-இல் சுமார் 10,000. அடுத்த சில ஆண்டுகளில் அதற்கும் கீழே இறங்கியது.

இன்று பினாங்கில் வீடு வாடகைக்கு எடுப்பவர் எதிர்கொள்ளும் வாய்பாடு பெரும்பாலும் இதுதான்: இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமாக அரை மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை. 1,000 ரிங்கிட் வீட்டுக்குச் சாவி வாங்குமுன் 3,500 ரிங்கிட் வேண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். அதாவது இரண்டு மாதச் சம்பளம் முழுக்கக் கொடுத்தாலும் போதாது. இந்த அளவை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை; வழக்கமும் ஒப்பந்தமும் மட்டுமே விதிக்கின்றன. முன்பணத்தை யார் வைத்திருப்பது, எத்தனை நாளில் திருப்புவது, எதற்கெல்லாம் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியபடியே. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையை நிலச் சட்டம் பதிவின்றியும், வாய்மொழியாகவும்கூட ஏற்கிறது. ஆனாலும் எழுதி, 1949-இன் முத்திரைச் சட்டப்படி முத்திரையிட்ட ஒப்பந்தமே நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும்.

தகராறு எப்போதும் காலி செய்யும் நாளில் எழுகிறது. சுவரில் ஆணித் துளை, மங்கிய சாயம், சேவை செய்யாத குளிரூட்டி, கறைபடிந்த மெத்தை, கட்டாமல் விட்ட தண்ணீர்க் கட்டணம் என ஒவ்வொன்றாகக் கழித்து, இறுதியில் கையில் மிகச் சொற்பமே மிஞ்சும். புழக்கத்தால் வரும் இயல்பான தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பந்தம் சொல்லியிருந்தால் வாதத்துக்கு இடம் குறையும். குடியேறும் அன்றே அறை அறையாகப் படம் பிடித்து, பொருள் பட்டியலில் இரு தரப்பும் கையொப்பமிட்டு, மீட்டர் அளவைக் குறித்து வைப்பது அதனால்தான் முக்கியம். முன்பணம் திரும்பாது என்று அஞ்சி, கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் கழித்துக்கொள்ளச் சொல்வது பரவலான பழக்கம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடை செய்கின்றன. அப்படிச் செய்பவர் தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்துகிறார்.

திருப்பித் தராத முன்பணத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு 198-ஆம் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும், வக்கீல் தேவையில்லை. ஒப்பந்த வழக்குக்குக் கால வரம்பு ஆறு ஆண்டுகள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; நிலம் சார்ந்த உரிமைகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. வீட்டுக்காரரின் கையையும் சட்டம் கட்டியிருக்கிறது. 1950-இன் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் நியாயமான வழிகள் ஆகா. வாடகை பாக்கிக்கு 1951-இன் ஜப்திச் சட்டப்படி நீதிமன்றம் வழியாகப் பொருள்களைக் கைப்பற்றலாம். கெடு முடிந்தும் காலி செய்யாதவரிடம் 1956-இன் சிவில் சட்டம் இரட்டை வாடகை கேட்க இடம் தருகிறது.

மற்ற நாடுகள் முன்பணத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து நாளாகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1977-இலேயே முன்பணத்தை அரசு வாரியத்திடம் செலுத்த வைத்தது. வீட்டுக்காரரின் பையில் அது தங்குவதில்லை. இங்கிலாந்தில் 2007 முதல் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய சென்னைக்கும், 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகை என்று வரம்பு கட்டியது. மலேசியாவில் குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்றுக்கான வரைவு வேலை 2010-களின் இறுதியில் தொடங்கியது. முன்பணத்தை மூன்றாம் தரப்பிடம் வைப்பது பற்றியும் இனப் பாகுபாட்டைத் தடுப்பது பற்றியும் பேசப்பட்டது. இரண்டாவது விஷயம் தமிழர்களை நேரடியாகச் சுடுவது. வீட்டு விளம்பரத்திலேயே இன்ன இனத்தார் மட்டும் என்று எழுதுவது இன்றும் நடக்கிறது. இரண்டு மாத முன்பணம் கையில் இருந்தும் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று பதில் வருகிறது. ஒரு குடும்பத்தின் கௌரவத்தைத் தொடும் இந்த வழக்கத்தை ஒப்பந்தச் சுதந்திரம் என்று சொல்லி மூட முடியாது.

சந்தை வாடகை எட்டாதவர்களுக்கு அரசு வீடுகள் உண்டு. பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வாடகை வீடுகளுக்கு மாதம் 124 ரிங்கிட். ஜார்ஜ்டவுனில் ஜாலான் சுங்கையில் அத்தகைய அடுக்குமாடி இருக்கிறது. விண்ணப்பத்தை மாநில அரசின் வீடமைப்புப் பிரிவு பெறுகிறது. குடும்ப வருமானம், வேறு வீடு இல்லாமை, பிள்ளைகளின் எண்ணிக்கை, மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா என்பவற்றைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றுகள், திருமணச் சான்று ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். தினக்கூலி வேலை பார்ப்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது என்பதால் வருமான உறுதிமொழிக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருப்பது நல்லது. காத்திருப்பு நீளும், இடையில் முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அழைப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டால் வாய்ப்பு கைநழுவும். வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் என்பதால் இது நடக்கக்கூடியதே.